படத்தில் இருப்பது காய்ச்சல் செடி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பர்மா மேமியோவிலிருந்து எழுதுகிறேன். ஊருக்கு வேறு பெயர் வைத்துப் பல வருடம் ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் மேமியோதான். அப்பா தோட்டக்காரர். அவர் ஆரம்பித்த சின்ன நர்சரியை முப்பது வருடமாக நான் நடத்தி வருகிறேன். உங்கள் பத்திரிகையைச் சென்னையில் இருக்கும் என் அக்கா மகள் போனில் அனுப்பி வைப்பாள். ஞாயிறு இணைப்பை ஒரு வாரம்கூட விட்டதில்லை.

சென்ற மாத இணைப்பில் எங்கள் மலைகளின் காட்டு ஹைட்ராஞ்சியாவைப் பற்றி (ஊட்டியில் உருண்டையாகப் பூக்கிற பூச்செடியின் சொந்தம்) ஒரு கட்டுரை வந்திருந்தது. எங்கள் பக்கத்துச் செடியைத் தமிழில் எழுதியிருக்கிறார்களே என்று ஆசையாகத்தான் படித்தேன். அதன் வேரைக் காய்ச்சிக் குடித்தால் மலேரியா போகும், இலையை டீயாகப் போடலாம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெரிய படமும் போட்டிருந்தீர்கள். தட்டையான பூங்கொத்து, சுற்றிலும் வெள்ளை வளையம், நடுவில் ஊதாப் பொடிப்பூக்கள், நீண்ட இலை. அந்தப் படத்தில் இருப்பது ஆஸ்பெரா என்ற ஹைட்ராஞ்சியா. மலேரியாவுக்கு வேர் எடுக்கிற செடி அது இல்லை. அந்தக் காய்ச்சல் செடி வேறு, அதற்கு இப்படி வளையமே கிடையாது. இதை உடனே திருத்த வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 1986இல் என் தம்பிக்கு 19 வயது. மர வேலைக்காக மிச்சினா பக்கம் போனவன் குளிர் காய்ச்சலோடு திரும்பி வந்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுங்குவான். மூன்று கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடும். சந்தையில் வேர் விற்கும் ஒருவரிடம் அம்மா ஒரு கட்டு வேர் வாங்கி வந்தார். கோழி எலும்பு மாதிரி வளைந்து, காய்ந்து, கெட்டியாக இருந்தது. முறித்தால் உள்ளே மஞ்சள். சீனர்கள் காய்ச்சலுக்குக் கொடுக்கிற வேர், கைகண்ட மருந்து என்று சொல்லித்தான் அவர் விற்றார். அம்மா அதைத் தட்டிப் போட்டு மூன்று டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. இரவு முழுக்க நிற்கவில்லை. கடைசியில் வெறும் பித்த நீர்தான் வந்தது. விடியும்போது அவனுக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. குதிரை வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றி, குவினைன் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள்.

அந்த வேர் போலி இல்லை. அதுவே சரியான செடியின் வேர்தான். சீனர்கள் சாங்ஷான் என்று சொல்லும் மருந்து அது. செடியின் பழைய பெயர் டைக்ரோவா ஃபெப்ரிஃபியூகா. மலேரியாவை அடக்கும் சத்து அதில் உண்மையாகவே இருக்கிறது. அந்தச் சத்துக்கு ஃபெப்ரிஃபியூஜின் என்று பெயர். ஆனால் வயிற்றைப் புரட்டி எடுப்பதும் அதே சத்துதான். அதனால்தான் இத்தனை ஆராய்ச்சிக்கு அப்புறமும் அது மனிதருக்கான மாத்திரையாக வரவில்லை. அதை மாற்றிச் செய்த ஒரு மருந்தைக் கோழிகளின் ரத்தக் கழிச்சல் நோய்க்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள். சீன வைத்தியர்களும் அந்த வேரை மதுவில் பதப்படுத்தி, அளந்துதான் கொடுப்பார்கள். சரியான செடியே என் தம்பியை அந்தப் பாடு படுத்தியது என்றால், உங்கள் படத்தைப் பார்த்து வேறு செடியின் வேரைத் தோண்டிக் காய்ச்சுகிறவர்களுக்கு என்ன ஆகும்? இங்கே காட்டோர கிராமங்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழில் அச்சில் வந்துவிட்டால் அதை அப்படியே நம்புகிறவர்கள் அவர்கள்.

கட்டுரை எழுதியவர் ஏன் குழம்பினார் என்று எனக்குப் புரிகிறது. 2015இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றுக்குப் பிறகு டைக்ரோவாவையும் ஹைட்ராஞ்சியா பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இப்போது அதன் பெயர் ஹைட்ராஞ்சியா ஃபெப்ரிஃபியூகா. ஆக, காய்ச்சலுக்கான வேர் ஒரு ஹைட்ராஞ்சியாவின் வேர் என்பது பெயரளவில் சரிதான். அதற்காக எந்த ஹைட்ராஞ்சியாவின் படத்தையும் பக்கத்தில் போட்டுவிட முடியாது.

இந்தச் செடிகளைப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு பெரிய தடை பூவின் நிறம். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் வாசலில் தோட்ட ஹைட்ராஞ்சியா இரண்டு நிற்கின்றன, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நீங்கள் பார்க்கிற அதே உருண்டைப் பூ. ஒன்று நீலம், ஒன்று ரோஸ். இரண்டும் ஒரே தாய்ச் செடியிலிருந்து நான் வெட்டி நட்ட குச்சிகள். ரோஸ் பூக்கிறது சுவர் ஓரம் நிற்கிறது. வருடா வருடம் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு வழிந்து அந்த மண்ணில் இறங்கிவிடும். மண் புளிப்பாக இருந்தால் அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறி, பூவின் சாயத்தோடு சேர்ந்து நீலமாகும். சுண்ணாம்பு மண்ணில் அலுமினியம் கரையாது, பூ ரோஸாகவே நிற்கும். படிகாரத் தண்ணீர் ஊற்றி நீலமாக்குகிற வேலையும் இதே கணக்குதான். சரி, வீட்டுச் செடியிலேயே நிறம் இப்படி மாறும் என்றால் காட்டில் நிறத்தை வைத்து எதைச் சொல்வது?

அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது வேறு முறை. "பூவைப் பார்க்காதே, இலையைத் திருப்பு" என்பார். என்னிடம் ஒரு பழைய பூதக்கண்ணாடி இருக்கிறது. கைப்பிடி உடைந்து நூல் சுற்றியிருக்கும். அதை வைத்து இலையின் அடியில் இருக்கும் சுணையைப் பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். மீதிப் பாதியைக் காய் சொல்லும்.

என் தோட்டத்தில் மூன்று காட்டுச் செடிகள் இருக்கின்றன. நேபாளத்திலிருந்து கிழக்கே, பர்மாவின் வடக்கு வழியாக யுன்னான் வரை நீளுகிற மலைகளுக்கு உரியவை இவை. இரண்டு செடிகளை என் மைத்துனர் வடக்கே புட்டாவோ பக்கம் லாரி ஓட்டிய காலத்தில் வேரும் மண்ணுமாகக் கொண்டு வந்தார். மூன்றாவதைப் பக்கத்து வீட்டுக் கூர்க்கா அம்மா நேபாளத்தில் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வரும்போது விதையாகக் கொண்டு வந்தார். விதை என்றால் மூக்குப்பொடி மாதிரி இருக்கும். தும்மினால் போய்விடும்.

முதலாவது, உங்கள் படத்தில் வந்த ஆஸ்பெரா. இலை நீளமாக, நுனி கூராக, ஒரு சாணுக்கு வரும். மேல்புறத்தை விரலால் நுனியிலிருந்து காம்பை நோக்கித் தடவிப் பாருங்கள், பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று பிடிக்கும். அடிப்புறம் நேர்மாறு. சாம்பல் வெள்ளையில் நெருக்கமான மெத்துச் சுணை. கன்றுக்குட்டியின் காதை மடக்கித் தடவுகிற மாதிரி இருக்கும். இலைக்காம்பு குட்டை, விரலின் இரண்டு கணு நீளத்தைத் தாண்டாது. ஆஸ்பெரா என்ற லத்தீன் சொல்லுக்கே சொரசொரப்பு என்றுதான் பொருள்.

அந்தப் பெயரை வைத்தவர் பிரான்சிஸ் புக்கனன். 1795இல் பர்மிய அரசரின் ஆவா அரசவைக்கு வந்த ஆங்கிலேயத் தூதுக் குழுவில் மருத்துவராக இந்த நாட்டுக்கு வந்தவர். 1800, 1801இல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கொங்கு நாடு எல்லாம் சுற்றி ஒவ்வொரு ஊரின் பயிரையும் மண்ணையும் குறித்துக்கொண்டே போனாரே, அவரேதான். அப்புறம் நேபாளம் போய் அங்கே செடிகள் சேகரித்தார். அவர் வைத்த பெயரை 1825இல் டேவிட் டான் என்ற தாவரவியலாளர் அச்சில் கொண்டு வந்தார். நம் கொங்கு நாட்டில் நடந்த அதே மனிதர் இந்த இலையையும் விரலால் தடவித்தானே இந்தப் பெயரை வைத்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

இரண்டாவது ரோபஸ்டா. ஆஸ்பெராவோடு போட்டுக் குழப்புகிறவர்கள் இதில்தான் அதிகம். இரண்டுக்கும் நடுப்பூ ஊதா, வளையம் வெளுப்பு, பூக்கும் காலமும் மழைக்காலம். என்னிடம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பூக்கும்போது பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே தடுமாறும். ஆனால் கிட்டே போய் இளங்கிளையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். ஆஸ்பெரா உருளும். ரோபஸ்டா உருளாது, நாலு பட்டை. பிரண்டை அளவுக்கு விளிம்பு எடுத்து நிற்காது, ஆனால் அந்த நாலு மூலை விரலில் தட்டும். கிளையில் பழுப்பும் மஞ்சளுமாகக் கரடுமுரடான சுணை இருக்கும். இலை அகலம், காம்பு நல்ல நீளம். என் செடியில் ஒரு காம்பை அளந்தேன், 12 சென்டிமீட்டர் இருந்தது. இலை ஓரத்தில் ரம்பப் பற்கள் ஒரே அளவில் இருக்காது, பெரிதும் சிறிதுமாக வெட்டியிருக்கும். வளையப் பூவின் ஓரத்திலும் பல் இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பிச் சொல்லிவிடாதீர்கள், ஆஸ்பெராவிலும் சில செடிகளில் அந்தப் பல்லைப் பார்த்திருக்கிறேன்.

ரோபஸ்டா தனிச் செடியா, ஆஸ்பெராவின் ஒரு பிரிவா என்பதில் படித்தவர்களே ஒத்துப்போகவில்லை. எலிசபெத் மெக்ளின்டாக் என்ற அம்மையார் 1957இல் ஹைட்ராஞ்சியா முழுவதையும் ஆராய்ந்து எழுதியபோது ரோபஸ்டாவை ஆஸ்பெராவின் கீழே துணையினமாக வைத்தார். சீனத் தாவரவியலாளர்கள் தனி இனமாகவே வைத்திருக்கிறார்கள். எனக்குத் தனி என்றுதான் படுகிறது. பதினைந்து வருடமாக ஒரே மண்ணில், ஒரே தண்ணீரில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றின் கிளை ஒரு நாளும் மற்றதைப் போல ஆனதில்லை.

மூன்றாவது, கூர்க்கா அம்மாவின் செடி, ஹெட்டரோமல்லா. இது குளிர் மலைச் செடி. மேமியோவின் மூவாயிரத்து ஐந்நூறு அடி அதற்குப் போதவில்லை, இழுத்துக்கொண்டே கிடந்து, குளிர் கூடிய ஒரு வருடம்தான் ஒழுங்காகப் பூத்தது. பூ முழுக்க வெள்ளை, லேசான மஞ்சள் சாயல், ஊதா கிடையாது. இலையின் அடிப்புறம் விபூதி பூசின மாதிரி வெளுத்திருக்கும். அந்தப் பெயரின் அர்த்தமும் சுணையைப் பற்றியதுதான், வேறுபட்ட கம்பளி என்று வரும். ஆனால் நிழலில் வளர்ந்த இலையில் இந்த வெளுப்பு குறைவு, அப்போது ஆஸ்பெரா இலையின் அடிப்புறத்தோடு குழம்பும். அங்கேதான் காய் கைகொடுக்கிறது.

காயைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். ஹைட்ராஞ்சியா என்ற பெயரே கிரேக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் என்று பொருள்படுவது. காயின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். கண்ணைப் பறிக்கிற வளையப் பூவில் காய் பிடிக்காது. அதில் இதழ் மாதிரி தெரிவது எல்லாம் புல்லி இதழ்தான். நடுவில் இருக்கிற பொடிப்பூக்கள்தான் காயாகும். மிளகைவிடச் சிறியது. ஆஸ்பெராவின் காயையும் ரோபஸ்டாவின் காயையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால், கழுத்தில்லாத சட்டியின் வாயை மட்டமாகச் சீவிவிட்ட மாதிரி இருக்கும். அந்த மட்டமான தலையில் இரண்டு மூன்று கொம்புகள் நிற்கும். ஹெட்டரோமல்லாவின் காய் அப்படி மட்டமாக முடியாது. விளிம்பைத் தாண்டிக் கூம்பாக மேலே எழும்பி நிற்கும், கோயில் கலசத்தின் நுனி மாதிரி. ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. இலையெல்லாம் கொட்டி வெறுங்குச்சியாக நிற்கிற மாதங்களிலும் பழைய காய்க் கொத்து செடியிலேயே காய்ந்து நிற்கும் என்பது இதில் இன்னொரு வசதி. ஜனவரியில் காட்டில் ஒரு குச்சியைக் கண்டாலும் அது எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாம்.

காய்ச்சல் செடியின் காயோ, காய்ந்த சட்டியே இல்லை. சதைப்பற்றுள்ள பழம். பளபளவென்று, உலோகத்துக்கு மெருகு போட்ட மாதிரி அடர் நீலம். இலை உதிர்ந்து வெறுமையாக நிற்காது, வருடம் முழுக்கப் பச்சை. இலை இரண்டு முனையிலும் ஒடுங்கியிருக்கும், ஆஸ்பெராவின் மெத்துச் சுணை அதில் கிடையாது. பூங்கொத்தில் வளையம் கிடையாது, எல்லாமே கனத்த இதழுள்ள சின்னப் பூக்கள். இவ்வளவு வித்தியாசம் இருக்கிற இரண்டு செடிகளுக்கு நடுவில் ஒரு படம் மாறிவிட்டது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இலை டீ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஹைட்ராஞ்சியா இலையில் ஒரு இனிப்பு டீ உண்டு என்பது உண்மை. அமாச்சா என்பார்கள். ஏப்ரல் 8ஆம் தேதி புத்தர் பிறந்த நாளில் குழந்தைப் புத்தர் சிலைக்கு அதை ஊற்றி அபிஷேகம் செய்வார்கள். ஆனால் அது அந்த நாட்டு மலைகளில் வளரும் செராட்டா என்ற செடியின் ஒரு வகை. அதன் இலையைப் பறித்து, புளிக்க வைத்து, காயவைத்த பிறகுதான் இனிப்பு வரும். அதே ஜப்பானில் 2008இல், உணவகத்தில் சாப்பாட்டுத் தட்டில் அலங்காரமாக வைத்த தோட்ட ஹைட்ராஞ்சியா இலையைத் தின்றவர்கள் வாந்தி எடுத்து விழுந்தார்கள். செராட்டாவுக்கு இலை மெல்லிசு, பளபளப்பில்லை. கடலோரத்துக் காட்டு வகையிலிருந்து வந்த தோட்டச் செடிக்கு இலை தடிப்பு, மேலே எண்ணெய் தடவிய மினுமினுப்பு. ஜப்பானிலேயே இந்த இரண்டையும் தெரியாமல் மாற்றினால் ஆபத்து என்னும்போது, எங்கள் மலைச் செடியின் இலையைக் கிள்ளி டீ போடச் சொல்வது சரியில்லை. வேர், இலை எதையும் யாரும் காய்ச்ச வேண்டாம் என்று கட்டுரையில் இருந்ததைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் மட்டும் இல்லை, செடிகளைப் பற்றி எழுதுகிற எல்லோருமே பூவை மட்டும் படம் எடுத்துப் போடுகிறார்கள். பூ அழகு என்பதில் எனக்கு மறுப்பில்லை, அதை வளர்த்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். ஆனால் செடியை அடையாளம் காட்டுவதாகச் சொல்லிப் போடும் படத்தில் இலையின் அடிப்புறம் ஒன்று, காம்போடு கிளை ஒன்று, காய் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒன்பது படங்கள் அனுப்பியிருக்கிறேன். அக்கா மகள் உங்கள் அலுவலகத்துக்குச் சேர்ப்பாள். மூன்று செடிக்கும் திருப்பிய இலை ஒன்று, கிளை ஒன்று, காய் ஒன்று. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு மிளகு வைத்து எடுத்தேன். காய்ச்சல் செடி என் தோட்டத்தில் இல்லை, தம்பிக்கு நடந்ததற்குப் பிறகு அம்மா அதை வீட்டுக்குள் விட்டதில்லை. அதன் படம் உங்களிடம் இருந்தால் நீலப் பழம் தெரிகிற மாதிரி ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். என் படங்களுக்குப் பணம் எதுவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வந்தால் நல்லது. மழை விட்டுவிட்டது, வேர் தோண்டுகிறவர்கள் மலைக்குப் போகிற காலம் இது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மேமியோ, பர்மா